நீல பம்ப் மட்டும் போதுமா? ஆஸ்துமா பற்றி வைத்தியர்களும் நாமும் கற்க வேண்டியவை



கிங்ஸ்பரியிலும் அதனை அண்டிய குயின்ஸ்பரி, வெம்பிளி, ஹாரோ பகுதிகளிலும் வாழும் எம்மவர் பலரது வீடுகளில் ஒரு நீல நிற பம்ப் இருக்கும். பிள்ளையின் பாடசாலைப் பையிலோ, அம்மாவின் கைப்பையிலோ, அப்பாவின் காரிலோ அது கிடக்கும். மூச்சு முட்டினால் இரண்டு முறை அடிப்போம், இதம் வரும், பிறகு அதை மறந்து விடுவோம். "எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, இடைக்கிடை பம்ப் அடித்தால் போதும்" என்பதே எம்மிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு.

ஊரில் தொய்வு, முட்டு, இழுப்பு என்று பல பெயர்களில் நாம் அறிந்த இந்த நோயைப் பற்றிய மருத்துவ அறிவு அண்மைக் காலத்தில் வெகுவாக மாறியுள்ளது. 2024 நவம்பரில் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனமும், பிரித்தானிய நெஞ்சுநோய் மருத்துவர் சங்கமும், ஸ்கொட்லாந்தின் சைன் அமைப்பும் முதன்முறையாக இணைந்து ஒரே ஆஸ்துமா வழிகாட்டியை வெளியிட்டன. எந்த வயதினராயினும் ஆஸ்துமா உள்ளவருக்கு நீல பம்ப்பை மட்டும் தனியாக எழுதிக் கொடுக்கக் கூடாது என்று அது தெளிவாகக் கூறுகிறது.

அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக நாம் நம்பியிருந்த நீல பம்ப் கெட்டதா? இல்லை. அது செய்யும் வேலை ஒன்று, நாம் அதனிடம் எதிர்பார்ப்பது வேறொன்று. இந்த இதழின் சுகாதாரப் பகுதியில் அதனையே படிப்படியாகப் பார்ப்போம்.

ஆஸ்துமா என்றால் என்ன?

நாம் உள்ளிழுக்கும் காற்று, மரக்கிளைகளைப் போலப் பிரிந்து செல்லும் மூச்சுக் குழாய்கள் வழியாக நுரையீரலை அடைகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இக்குழாய்களின் உட்சுவர் எப்போதும் சற்று வீங்கிச் சிவந்து, எளிதில் எரிச்சலடையும் நிலையில் இருக்கும். தூசி, புகை, மகரந்தம், தடிமன், குளிர்காற்று போன்ற ஏதாவது ஒன்று தூண்டியதும் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன.

1. குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன.
2. உட்சுவரின் வீக்கம் கூடுகிறது.
3. சளி அதிகமாகச் சுரந்து, இருக்கும் சிறு வழியையும் அடைக்கிறது.

இதனால் இருமல், இழுப்பு, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் ஆகியன தோன்றுகின்றன. எல்லோருக்கும் இழுப்புச் சத்தம் கேட்பதில்லை. சில பிள்ளைகளுக்கு இரவிலோ விடியற்காலையிலோ வரும் விடாத இருமலே முக்கிய அறிகுறியாக இருக்கும்.

இங்கே மனதில் கொள்ள வேண்டியது, அறிகுறி இல்லாத நாட்களிலும் குழாயின் உள்ளே அந்த வீக்கம் இருக்கக்கூடும் என்பதே. நெருப்பு அணைந்து விட்டது என்று நாம் நினைக்கும்போதும் சாம்பலுக்கு அடியில் தணல் இருப்பது போல.

இரண்டு மருந்துகள், இரண்டு வேலைகள்

நீல பம்ப்பில் உள்ள சல்பியூட்டமோல் என்ற மருந்து 1969 இல் வெண்டோலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இறுகிய தசைகளைச் சில நிமிடங்களில் தளர்த்துவது இதன் வேலை. ஆகவேதான் உடனே இதம் தெரிகிறது. ஆனால் உட்சுவரின் வீக்கத்தை அது தொடுவதேயில்லை. சில மணி நேரத்தில் அதன் பலன் போய்விடும், வீக்கம் அப்படியே இருக்கும்.

வீக்கத்தைக் குறைப்பது தடுப்பு பம்ப். மிகக் குறைந்த அளவு ஸ்டீரொயிட் மருந்தை நேராக மூச்சுக் குழாய்க்கே கொண்டு செல்லும் இந்த பம்ப்கள் 1970களின் ஆரம்பத்தில் பாவனைக்கு வந்தன. பழைய காலத்தில் பழுப்பு நிறமாக இருந்ததால் பலரும் அதனைப் பழுப்பு பம்ப் என்றே அழைத்தனர். இப்போது ஊதா, செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை எனப் பல நிறங்களில் வருகின்றன. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், "இது எனக்கு நிவாரண மருந்தா, தடுப்பு மருந்தா?" என்று மருந்தாளரிடம் கேட்டு அறிந்து கொள்ளுங்கள்.

தடுப்பு மருந்தின் பலன் உடனே தெரியாது. நாட்கள், சில வாரங்கள் கூட ஆகலாம். இதனால்தான் "அடித்தும் ஒன்றும் தெரியவில்லை" என்று பலர் அதை மூலையில் வைத்துவிட்டு, உடனே இதம் தரும் நீல பம்ப்பையே நாடுகிறார்கள்.

12 வயதுக்கு மேற்பட்ட பலருக்கு இப்போது புதிய வழிகாட்டியின்படி, விரைவாகக் குழாயை விரிக்கும் ஃபோர்மொட்டெரோல் என்ற மருந்தும் தடுப்பு ஸ்டீரொயிட்டும் ஒரே பம்ப்பில் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. மூச்சு முட்டும்போது அதனையே எடுக்கிறார்கள். அதாவது இதம் தரும் ஒவ்வொரு முறையும் வீக்கத்துக்கான மருந்தும் உள்ளே போகிறது. சிலருக்கு இந்த ஒரே பம்ப் காலையும் மாலையும் எடுக்கவும், தேவைப்படும்போது எடுக்கவும் கொடுக்கப்படும்.

ஒரு முக்கிய குறிப்பு: இதைப் படித்துவிட்டு யாரும் நீல பம்ப்பைக் குப்பையில் போட வேண்டாம். வைத்தியர் மாற்றித் தரும் வரை அதுவே உங்கள் அவசர மருந்து. மாற்றம் தேவையா என்று கேட்க நேரம் ஒன்று பதிவு செய்யுங்கள்.

195 மரணங்கள் கற்பித்த பாடம்

பிரித்தானியாவில் 2012 பெப்ரவரி முதல் ஓராண்டு காலத்தில் ஆஸ்துமாவால் நிகழ்ந்த மரணங்களில் 195 மரணங்களை நிபுணர் குழுக்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தன. றோயல் கொலிஜ் ஒஃப் ஃபிசிஷியன்ஸ் 2014 மே மாதம் வெளியிட்ட அந்த அறிக்கையின் சில முடிவுகள் இவை.

- 45 சதவீதமானோர் மருத்துவ உதவியை நாடாமலோ, அவசர உதவி கிடைக்கும் முன்னரோ இறந்தனர்.
- 43 சதவீதமானோருக்கு முந்திய ஓராண்டில் குடும்ப வைத்திய நிலையத்தில் ஆஸ்துமா பரிசோதனை நடந்ததற்கான பதிவே இல்லை.
- 23 சதவீதமானோரிடம் மட்டுமே எழுத்து மூலமான ஆஸ்துமா திட்டம் வழங்கப்பட்டிருந்தது.
- நோயின் கடுமையைக் கணிக்க முடிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இலேசான அல்லது நடுத்தர ஆஸ்துமாவுக்கே சிகிச்சை பெற்று வந்தவர்கள்.

கடைசி வரியை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். "எனக்கு லேசானதுதான்" என்று இருந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

நீல பம்ப் பற்றியும் அந்த அறிக்கை பேசியது. மருந்துப் பதிவுகள் கிடைத்தவர்களில் 39 சதவீதமானோருக்கு இறப்பதற்கு முந்திய ஆண்டில் 12 க்கும் மேற்பட்ட நிவாரண பம்ப்கள் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பம்ப்பில் 200 உறிஞ்சல்கள். 12 பம்ப்கள் என்றால் 2,400. ஆண்டின் 365 நாட்களுக்கும் பிரித்தால் நாளொன்றுக்கு ஆறு, ஏழு உறிஞ்சல்கள். தணல் கனன்று கொண்டிருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா? ஆண்டுக்கு மூன்று நீல பம்ப்கள் தேவைப்பட்டாலே ஆபத்து கூடுகிறது என்று உலக ஆஸ்துமா அமைப்பான ஜீனா எச்சரிக்கிறது.

வைத்தியர்களும் படித்துக்கொண்டே இருக்கிறார்கள்

மேற்சொன்ன அறிக்கை நோயாளிகளை மட்டும் குறை கூறவில்லை. தடுப்பு மருந்து குறைவாகவும் நிவாரண மருந்து அதிகமாகவும் எழுதப்பட்டதையும், ஆபத்து அறிகுறிகள் கவனிக்கப்படாமல் போனதையும் சுட்டிக்காட்டியது. இது பட்டத்தோடு முடிந்துவிடும் படிப்பல்ல. இந்நாட்டில் 2012 டிசம்பர் முதல் வைத்தியர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், 2016 ஏப்ரல் முதல் தாதியர் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் தாம் தொடர்ந்து கற்று வருவதைக் காட்டி, தொழில் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். தாதியர் அந்த மூன்றாண்டுகளில் குறைந்தது 35 மணி நேரக் கற்றலைக் காட்ட வேண்டும்.

ஆனால் பொதுவான கற்றலில் ஆஸ்துமா எவ்வளவு இடம்பெறுகிறது? இந்தக் கேள்வியை நாடு முழுவதும் எழுப்பியது லண்டனில் நடந்த ஒரு துயரம்.

தென்கிழக்கு லண்டன் லூயிஷம் பகுதியில், வாகன நெரிசல் மிக்க சவுத் சேர்குலர் வீதிக்கு அருகில் வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி கடுமையான ஆஸ்துமாவால் 2013 பெப்ரவரி 15 அன்று உயிரிழந்தாள். அதற்கு முன் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் பல தடவை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தாள். தாயார் ரோசமண்ட் விடாது போராடியதன் பயனாக இரண்டாவது மரண விசாரணை நடந்து, 2020 டிசம்பர் 16 அன்று காற்று மாசும் மரணத்துக்கு ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பிலிப் பார்லோ தீர்ப்பளித்தார். காற்று மாசு ஆஸ்துமாவை மோசமாக்கும் என்ற தகவல் அந்தத் தாயாருக்குக் கொடுக்கப்படவில்லை என்பதையும், கொடுக்கப்பட்டிருந்தால் மரணத்தைத் தவிர்த்திருக்கக்கூடிய நடவடிக்கைகளை அவர் எடுத்திருப்பார் என்பதையும் அவர் பதிவு செய்தார்.

2021 ஏப்ரலில் அவர் வெளியிட்ட மற்றொரு அறிக்கையில், காற்று மாசின் தீங்குகளை வைத்தியர்களும் தாதியரும் நோயாளிகளுக்குப் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை என்றும், மருத்துவக் கல்வியிலும் தொழில் வழிகாட்டிகளிலும் இது சேர்க்கப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். மருத்துவக் கல்வியின் ஓர் இடைவெளி ஒரு பிள்ளையின் மரண விசாரணையில் வெளிப்பட்டது எம் மனதில் நிற்க வேண்டிய செய்தி.

அதே 2021 இல் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, சிறுவர், இளையோர் ஆஸ்துமாவுக்கான தேசியப் பராமரிப்புத் திட்டத்தை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாகப் பயிற்சி ஐந்து படிகளாக வகுக்கப்பட்டது. மேற்படிகள் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் வைத்தியர்களுக்கும் சிறப்புத் தாதியருக்கும் உரியவை. முதற்படி எளிமையானது, இலவசமானது, இணையத்தில் கிடைப்பது. ஆசிரியர், பாடசாலை ஊழியர், பெற்றோர் என யாரும் அதைக் கற்கலாம். எம் தமிழ்ப் பாடசாலைகளில் வார இறுதியில் பணியாற்றும் தொண்டர் ஆசிரியர்கள் அதனை ஒருமுறை செய்து பார்ப்பது மிகப் பயனுள்ளது.

லண்டனில் 2017 முதல் ஒவ்வொரு செப்டெம்பரிலும் "ஆஸ்துமா பற்றிக் கேளுங்கள்" என்ற இயக்கம் நடைபெறுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்து மூலமான திட்டம், பம்ப்பைச் சரியாக எடுக்கும் பயிற்சி, ஆண்டுதோறும் பரிசோதனை ஆகிய மூன்றே அதன் தொடக்கக் கோரிக்கைகள். பின்னர் நான்காவதாகக் காற்று மாசு பற்றிப் பேசுவதும் சேர்ந்தது.

வைத்தியர் கற்றால் மட்டும் போதுமா?

போதாது என்பதற்குக் கிழக்கு லண்டனில் நடந்த இரண்டு ஆய்வுகள் சான்று. ஆஸ்துமாவால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட தெற்காசியரையும் வெள்ளையினத்தவரையும் நேர்கண்ட முதலாவது ஆய்வு 2001 இல் பி.எம்.ஜே இதழில் வெளியானது. தடுப்பு மருந்து என்ற கருத்தே தெற்காசியர் பலருக்குப் பழக்கமற்றதாக இருந்தது. நோயைத் தாமே கட்டுப்படுத்தலாம் என்ற நம்பிக்கையும், குடும்ப வைத்தியர் மீதான நம்பிக்கையும் அவர்களிடம் குறைவாகக் காணப்பட்டன.

2016 இல் முடிவுகள் வெளியான மற்றைய ஆய்வில் வைத்தியர்கள், தாதியருக்கும் தெற்காசிய நோயாளிகளுக்கும் சேர்த்தே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பின்பும் அவசர சிகிச்சையை நாடுவது குறையவில்லை. ஆனால் அவசர சிகிச்சை பெற்றவர்கள் அதன் பின் குடும்ப வைத்தியரிடம் விரைவாகப் பரிசோதனைக்குச் சென்றார்கள். ஒரு வகுப்பால் பழக்கம் மாறிவிடாது, ஆனால் ஒரு வாசல் திறக்கிறது என்பதே இதன் பொருள். மீதி வேலை வீட்டில்தான் நடக்க வேண்டும்.

எம்மவரிடையே நிலவும் சில எண்ணங்கள்

"பம்ப் பழகிவிட்டால் விட முடியாது."
பம்ப்புக்கு யாரும் அடிமையாவதில்லை. நோய் நீண்டகாலம் இருப்பதால் மருந்தும் நீண்டகாலம் தேவைப்படுகிறது. கண்ணாடி அணிவதைக் கண்ணாடிக்கு அடிமையாதல் என்று நாம் சொல்வதில்லை.

"ஸ்டீரொயிட் பிள்ளைக்குக் கூடாது."
கடும் தாக்குதலின்போது பெரியவருக்குக் கொடுக்கும் ப்ரெட்னிசோலோன் குளிசை நாளொன்றுக்கு 40 முதல் 50 மில்லிகிராம். தடுப்பு பம்ப்பின் ஓர் உறிஞ்சலில் இருப்பது பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்ததே ஒரு மில்லிகிராம். மருந்துகள் வேறானாலும் அளவின் வேறுபாடு புரியும். பம்ப்பைத் தவிர்த்து அடிக்கடி தாக்குதல் வந்தால், நாம் பயந்த ஸ்டீரொயிட்டையே குளிசையாகப் பல மடங்கு விழுங்க நேரிடும். சில பிள்ளைகளின் உயரத்தில் சிறு குறைவு ஏற்படலாம் என்பது உண்மை. அதனால்தான் பரிசோதனையின்போது உயரத்தையும் அளந்து பார்க்கிறார்கள்.

"வாழைப்பழம், தயிர் கொடுத்தால் இழுப்பு வரும்."
ஒவ்வாமை உறுதி செய்யப்படாத உணவுகளை நிறுத்துவதால் பிள்ளையின் ஊட்டம் குறைவதே மிச்சம். சந்தேகம் இருந்தால் வைத்தியரிடம் சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.

"வெளியில் சொன்னால் கலியாணப் பேச்சுக்கு இடைஞ்சல்."
குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் நோயை மறைக்கும் வழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. மறைத்து எடுக்கும் மருந்து ஒழுங்காக எடுக்கப்படுவதில்லை. புகுந்த வீட்டில் பம்ப் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது உயிராபத்து. கர்ப்பிணிகளும் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. கட்டுப்பாடற்ற ஆஸ்துமாவே தாய்க்கும் குழந்தைக்கும் கூடிய தீங்கு.

"ஆங்கிலம் வராது, பிள்ளை வந்து சொல்லுவான்."
பத்து வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் நெஞ்சு இறுக்கத்தைச் சரியாக மொழிபெயர்க்கத் தெரியாது. நேரம் பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அது இலவசம்.

கிங்ஸ்பரியில் எவை தூண்டும்?

மகரந்தம்: ஃப்ரையன்ட் கன்ட்ரி பார்க்கின் புல்வெளிகள் எமக்குக் கிடைத்த பெரும் செல்வம். ஆனால் மே பிற்பகுதி முதல் ஜூலை வரை புல் மகரந்தக் காலம். தும்மல், கண் கடி உள்ளவர்கள் அதற்கான மருந்தையும் தடுப்பு பம்ப்பையும் முன்கூட்டியே ஒழுங்காக எடுக்க வேண்டும்.

இடிமழை: 1994 ஜூன் 24 அன்று லண்டனைத் தாக்கிய இடிமழையின் பின் 30 மணி நேரத்தில் 640 பேர் மூச்சுத் திணறலுடன் அவசர பிரிவுகளுக்கு வந்தனர். 2016 நவம்பர் 21 அன்று அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் இதே போன்ற நிகழ்வில் பத்துப் பேர் இறந்தனர். அன்று பாதிக்கப்பட்டோரிடையே இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். மகரந்தம் அதிகமுள்ள நாளில் இடி முழங்கினால் கதவு, யன்னல்களை மூடி வீட்டுக்குள் இருங்கள்.

வாகனப் புகை: கிங்ஸ்பரி வீதியிலும் நோர்த் சேர்குலர் ஓரமாகவும் நடக்கும்போது, முடிந்தவரை உட்தெருக்களையும் றோ கிறீன் பார்க் போன்ற பூங்கா வழிகளையும் தெரிவு செய்யுங்கள். பாடசாலை வாசலில் காரின் இயந்திரத்தை ஓடவிட்டபடி காத்திருக்க வேண்டாம்.

வீட்டுப் புகை: தூளுக்கு மிளகாய் வறுக்கும்போதும் தாளிக்கும்போதும் யன்னலைத் திறந்து, புகை இழுக்கும் விசிறியைப் போடுங்கள். மூச்சு நோயாளி மற்ற அறையில் இருக்கட்டும். சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் ஆகியவற்றின் புகையும் தூண்டக்கூடும். விளக்கேற்றி வணங்குவதோடு நிறுத்திக் கொள்வதால் பக்தி குறைந்து விடாது. வீட்டிலும் காரிலும் சிகரெட் அறவே கூடாது.

ஈரமும் பூஞ்சணமும்: குளிர்காலத்தில் அறைக்குள் உடுப்புக் காயப்போடுவதால் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் படரும். சபை வீடுகளிலும் வீட்டுச் சங்க வீடுகளிலும் இருப்போர், 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த அவாப் சட்டத்தின்படி, பாரதூரமான ஈரம், பூஞ்சணம் பற்றி முறையிட்டால் குறித்த காலத்துக்குள் விசாரித்துத் திருத்தும் கடமை வீட்டு நிர்வாகத்துக்கு உண்டு. முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், படம் எடுத்து வையுங்கள்.

செப்டெம்பர்: விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும் தடிமன் பரவும். விடுமுறையில் தடுப்பு மருந்தும் விடுபட்டிருக்கும். ஆண்டுதோறும் அந்த வாரங்களில் பிள்ளைகளுக்கு ஆஸ்துமாத் தாக்குதல்கள் கூடுகின்றன. ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே மருந்தை மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டு வாருங்கள். ஊருக்குப் போவோர் பம்ப்பைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

பம்ப்பைச் சரியாக எடுப்பது எப்படி?

அழுத்தி அடிக்கும் பம்ப்பை ஸ்பேசர் குழாயுடன் எடுப்பதே சிறந்தது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

1. நிமிர்ந்து இருந்து பம்ப்பை நன்றாகக் குலுக்குங்கள்.
2. ஸ்பேசரில் பொருத்தி, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்.
3. வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக மூடி ஒருமுறை மட்டும் அழுத்துங்கள்.
4. மெதுவாக, ஆழமாக இழுத்து, முடிந்தால் பத்து விநாடி அடக்குங்கள். முடியாத பிள்ளைகள் ஐந்து சாதாரண மூச்சுகள் எடுக்கலாம்.
5. இரண்டாவது முறை தேவையென்றால் அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் குலுக்கி எடுங்கள்.
6. தடுப்பு மருந்துக்குப் பின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.

தூள் வடிவ பம்ப்களுக்கு முறை வேறு. அவற்றை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். புதிய பம்ப் தரப்பட்டால் மருந்தகத்தில் புதிய மருந்துக்கான ஆலோசனைச் சேவையைக் கேளுங்கள். மருந்தாளர் எடுக்கும் முறையைப் பார்த்துத் திருத்துவார், இதற்கும் கட்டணம் இல்லை. ஸ்பேசரை மாதம் ஒருமுறை இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் கழுவித் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள்.

தாக்குதல் வந்தால்

பேச முடியாமல் திணறுவது, நீல பம்ப்பின் பலன் நான்கு மணி நேரம் கூட நில்லாதது, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுப்பது, உதடு நீலம் பாய்வது, பிள்ளை சோர்ந்து துவள்வது ஆகியன அபாய அறிகுறிகள். முன்பு கேட்ட இழுப்புச் சத்தம் திடீரென நின்றும் திணறல் தொடர்ந்தால் அது சுகமல்ல, ஆபத்து.

1. நோயாளியை நிமிர்த்தி இருத்துங்கள். படுக்க வைக்க வேண்டாம். பதற்றப்படாமல் பேசுங்கள்.
2. நீல பம்ப்பில் 30 முதல் 60 விநாடிக்கு ஒருமுறை ஓர் உறிஞ்சலாக, பத்து வரை கொடுங்கள்.
3. எந்த நேரத்திலும் மோசமானாலோ, பத்துக்குப் பின்னும் சுகமில்லை என்றாலோ 999 ஐ அழையுங்கள்.
4. பத்து நிமிடத்தில் அம்புலன்ஸ் வரவில்லை என்றால் மீண்டும் பத்து கொடுத்து, 999 ஐ மறுபடி அழையுங்கள்.

ஒரே பம்ப் முறையில் இருப்பவர்களுக்கு எண்ணிக்கை வேறு: ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, ஆறு உறிஞ்சல்கள் வரை. உங்கள் எழுத்துத் திட்டத்தில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

கடும் திணறலில் காரில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டாம். அம்புலன்சில் ஒட்சிசன் உண்டு, எம் காரில் இல்லை. சென்ட்ரல் மிடில்செக்ஸ் வைத்தியசாலையின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவு 2014 செப்டெம்பரில் மூடப்பட்டதையும் பழைய குடும்பங்கள் நினைவில் கொள்ள வேண்டும். எமக்கு அண்மையில் அந்தப் பிரிவு இருப்பது நோர்த்விக் பார்க் வைத்தியசாலையில்.

வீடு திரும்பியதோடு காரியம் முடியவில்லை. இரண்டு வேலை நாட்களுக்குள் குடும்ப வைத்தியரிடமோ ஆஸ்துமா தாதியிடமோ காட்டுங்கள். முன்பு சொன்ன அறிக்கையில் இறந்தவர்களில் பத்து சதவீதமானோர் வைத்தியசாலையிலிருந்து வீடு வந்து 28 நாட்களுக்குள் இறந்தவர்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

வீட்டில் ஆஸ்துமா உள்ள ஒவ்வொருவரையும் பற்றி இக்கேள்விகளைக் கேளுங்கள்.

- நீல பம்ப் வாரத்தில் மூன்று தடவை அல்லது அதற்கு மேல் தேவைப்படுகிறதா?
- இருமலோ திணறலோ இரவில் எழுப்புகிறதா?
- விளையாட்டு, படியேற்றம், வேலை தடைப்படுகிறதா?
- கடந்த 12 மாதத்தில் பரிசோதனை நடக்கவில்லையா?
- எழுத்து மூலமான திட்டம் இல்லையா?
- நீல பம்ப் மட்டும்தான் இருக்கிறதா?

ஒன்றுக்கேனும் "ஆம்" என்றால் வைத்திய நிலையத்துக்கு அழைத்து ஆஸ்துமா பரிசோதனைக்கு நேரம் எடுங்கள். போகும்போது எல்லா பம்ப்களையும் ஸ்பேசரையும் கொண்டு செல்லுங்கள். "நான் எடுக்கும் முறையைப் பாருங்கள்", "2024 வழிகாட்டியின்படி என் மருந்து மாற வேண்டுமா?", "எழுத்தில் ஒரு திட்டம் தாருங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். அந்தக் கேள்வியால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்க மாட்டார். திட்டத்தின் ஒரு பிரதி குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும், இன்னொன்று பிள்ளையின் பாடசாலையிலும் இருக்கட்டும். 2014 ஒக்டோபர் முதல் பாடசாலைகள் அவசர நீல பம்ப் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் பிள்ளையின் பாடசாலையில் அது இருக்கிறதா, அதற்கான சம்மதப் படிவத்தில் நீங்கள் ஒப்பமிட்டீர்களா என்று விசாரியுங்கள்.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் தாத்தா, பாட்டியிடமும் சொல்லுங்கள். பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் பேரப்பிள்ளைக்கு முட்டு வந்தால் பக்கத்தில் இருக்கப் போவது அவர்கள்தான். பம்ப் எங்கே இருக்கிறது, ஸ்பேசரில் எப்படிப் பொருத்துவது, 999 இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க என்ன சொல்ல வேண்டும் என்பவற்றை இன்றைக்கே அவர்களுக்குப் பழக்கி விடுங்கள்.

(இக்கட்டுரை பொதுவான அறிவூட்டலுக்கானது. உங்கள் மருந்துகளை மாற்றுமுன் உங்கள் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ ஆலோசியுங்கள்.)